நடுவில் ஒட்டிய படம்

ஓவிய டீச்சர் யாருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கேட்காமல் திறப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஆசிரியர் அறையில் என் டிபன் கேரியரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றினார். "என்னம்மா, நெத்திலியா? வாசனை வாசல் வரைக்கும் வந்து கூப்பிடுது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கை அள்ளித் தன் தயிர்ச்சோற்றின் மேல் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிட்டார். தன் பாத்திரத்தை என் முன்னால் தள்ளி, "நீயும் எடுத்துக்க. எச்சில் கிச்சில்னு பாக்காத" என்றார். வீட்டில் முட்டைகூட ஏறாத சைவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட பலகைக் கட்டடத்தில் நடந்த தமிழ்ப்பள்ளி அது. அதன் பெயரும் வேண்டாம். கட்டடமே இப்போது இல்லை. ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே கணக்கு டீச்சராகப் போனேன். அவர் அதற்கு முன்பிருந்தே ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நெடுநெடுவென்று உயரம். புடவைக் கரையில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் ஒட்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஒருத்தர் வந்தாரு. எங்கப்பாவோட ஜவுளிக்கடையை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. என்னைப் பிடிக்கல" என்று ஆசிரியர் அறை முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

மறைக்காமல் இருப்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. "மூடி வச்சாத்தான் நாறும். விரிச்சுப் போடு, காத்துப் பட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார். தன் விஷயத்தோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. அடுத்தவர் மூடி வைத்ததையும் அவர்தான் விரிப்பார். ஒருநாள் இரண்டாம் வகுப்பு டீச்சர் கன்னம் வீங்கி வந்தார். பல்வலி என்றார். நாங்கள் எல்லோரும் நம்புவதுபோல் கிராம்புத் தைலம், வெந்நீர் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஓவிய டீச்சர் வந்தார், ஒரு பார்வை பார்த்தார், "அடிச்சாரா?" என்று கேட்டார். அந்த டீச்சர் தலையை மேசையில் வைத்து அழுது தீர்த்துவிட்டார். அழுது முடித்து, முகம் கழுவி, கோப்பி குடித்தபோது அவர் முகம் ஒரு மாதமாக இல்லாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. எனக்கு ஓவிய டீச்சர்மேல் அன்றைக்குப் பெரிய மதிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. என் தாத்தா ஊரில் சாவுக்குப் பறையடித்தவர். அப்பா இளைஞனாகக் கப்பலேறி வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, ராத்திரிப் பள்ளியில் ஆங்கிலம் படித்து, கிடங்கில் கணக்கெழுதும் கிராணி ஆனவர். கிராணி ஆனதும் கூலிகளின் லயத்து வரிசை வீட்டை விட்டு ரேஸ்கோர்ஸ் ரோடு பக்கம் ஒரு வாடகை அறைக்கு எங்களைக் கூட்டி வந்தார். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டவர்களுக்கு அப்பா வேறொரு பதில் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் அந்தப் பதிலுக்குள்தான் குடியிருந்தோம். சிங்கப்பூரில் சாதி ஏது என்று என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். வேலையில் இல்லை, பஸ்ஸில் இல்லை, உண்மைதான். கல்யாணம் என்றும் சோறு என்றும் வரும்போது மட்டும் அது எங்கிருந்தோ எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்பா போய்விட்டார், என் கணவரும் போய்விட்டார். இனி நான் இதைச் சொல்வதால் யாருடைய கல்யாணமும் நிற்கப்போவதில்லை.

ஓவிய டீச்சர் வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு தூரிகைதான். அலமாரியில் பெட்டி நிறைய இருக்கும், எடுக்கமாட்டார். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தூரிகை, ஒரு தாள், ஒரு கிண்ணம் தண்ணீர். ஒருத்தி ஆரம்பித்த மரத்தை இன்னொருவன் முடிக்க வேண்டும். தூரிகையின் முனை பிரிந்துபோனால் பிள்ளைகள் வாயில் வைத்துக் கூராக்குவார்கள். அப்படியே அடுத்த பிள்ளைக்குப் போகும், அதுவும் வாயில் வைக்கும். மற்ற டீச்சர்கள் கண்டால் அதட்டுவார்கள். இவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் ஒரே தூரிகை என்று எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆயிற்று.

ஒரு மளிகைக் கடைக்காரருக்கும் புரிந்துவிட்டது. பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே கோபமாக வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"கண்டவன் எச்சிலை வாயில வைக்கவா என் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?"

டீச்சர் பையனின் பெஞ்சிலிருந்த தூரிகையை எடுத்துத் தன் உதட்டில் வைத்துக் கூராக்கினார். உதடெல்லாம் பச்சை. அதைப் பையன் கையில் கொடுத்து, "இப்ப டீச்சர் எச்சில். வைக்கலாமான்னு அப்பாகிட்ட கேளு" என்றார். பையன் அப்பாவைப் பார்த்தான். மளிகைக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அதைக் கேட்டு ஆசிரியர் அறையில் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் அந்த மனிதர் வாயை மூடியது தூரிகையைப் பார்த்தல்ல. அந்த டீச்சர் யார் மகள் என்று அவருக்குத் தெரியும். அவர் கடைக்கு எதிரேதான் டீச்சருடைய அப்பாவின் ஜவுளிக்கடை இருந்தது. இது டீச்சருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு எந்தக் கதவும் திறந்துதான் பழக்கம். கதவு தானாகத் திறப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல பாடங்களும் நடத்தினார். எங்கள் பள்ளியில் ஒரு சீனப் பெண்பிள்ளை படித்தாள். பிறந்த கையோடு ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்த பிள்ளை. அந்தக் காலத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு. காது குத்தி, பொட்டு வைத்து, எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். பிள்ளைகள் விடுவார்களா? கண்ணை இழுத்து இழுத்துக் காட்டிக் கேலி செய்தார்கள். டீச்சர் யாரையும் திட்டவில்லை. ஆளுக்கொரு உருண்டை களிமண் கொடுத்து, எல்லோர் கண்ணையும் துணியால் கட்டி, எதிரில் இருக்கும் முகத்தைக் கையால் தடவிப் பார்த்துப் பொம்மை செய்யச் சொன்னார். யாருக்கு எதிரில் யார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதிகமாகக் கேலி செய்த பையன் கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால், "என் தங்கச்சி மாதிரி இருக்கு டீச்சர்" என்றான். அவிழ்த்துப் பார்த்தால் அந்தச் சீனப் பிள்ளை. வகுப்பில் கேலி நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அந்தப் பையன் மட்டும் நிறுத்தினான். அதுவே பெரிய விஷயம்தான்.

அப்புறம்தான் அந்தக் கப்பல் வந்தது.

பெற்றோர் தினத்துக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சுவர் முழுக்க ஒரு கப்பல் செய்தார். தாளோடு தாள் ஒட்டி, மைதாப் பசை காய்ச்சி, ஒரு வாரம் பள்ளியே பசை நாற்றம். "உங்க வீட்டுல ஊர்லேருந்து கப்பல்ல வந்த சாமான் ஏதாவது இருக்கும்ல, அதைப் பாத்து வரைஞ்சு எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும் இந்த ஒரே கப்பல்ல ஏத்தப் போறோம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். எங்களிடம், "எல்லாரும் ஒரே கப்பலோட அடித்தளத்துல வாந்தி எடுத்துக்கிட்டுதான் வந்தோம். இறங்கினதும் மறந்துட்டோம். பிள்ளைங்க ஞாபகப்படுத்தட்டும்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். தகரப் பெட்டி, வெற்றிலை இடிக்கும் உரல், செம்பு, ஒரு முஸ்லிம் பிள்ளை வீட்டில் குர்ஆன் வைத்து ஓதும் மரப்பலகை. ஒருவன் ஆடு வரைந்திருந்தான். ஆடு கப்பலில் வந்ததா என்று கேட்டதற்கு, அவன் தாத்தா அப்படித்தான் சொல்கிறாராம்.

ஒரு பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரி, என்னிடம் எப்போதும் நல்ல பெயர் வாங்குபவள், ஒரு வட்டம் வரைந்திருந்தாள். மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய தோல், தோலில் நடுவே கறுத்துப்போன இடம், பின்பக்கம் வார். பக்கத்தில் இரண்டு குச்சிகள். ஒன்று நீளம், மூங்கில் பிளாச்சு மாதிரி மெல்லியது. ஒன்று குட்டை, தடித்தது. அவ்வளவு துல்லியமாக வரைந்திருந்தாள். அந்த மாதிரி இரண்டு குச்சிகளை நான் கடைசியாகப் பார்த்தது அப்பா அடுப்பில் வைத்தபோது.

அந்தப் பிள்ளையின் அப்பா ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். எங்கள் பள்ளியில் பாதிப்பேர் மதியம் அங்கேதான் சாப்பிடுவோம். அவர் வைக்கும் சாம்பாருக்குப் பேரே இருந்தது. குடும்பம் கடைக்கு மேலே முதலாளி கொடுத்த அறையில் இருந்தது. முதலாளி எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவிலும் இருந்தார். சாதியைக் கேட்காமல் அந்தக் காலத்தில் யாரும் சைவக் கடைக் கரண்டியைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அந்த மனிதரும் என் அப்பாவைப் போல ஏதோ ஒரு பதிலைச் சொல்லித்தான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. படம் டீச்சர் கையில் இருந்தது.

"நடுவுல ஒட்டப்போறேன்" என்றார். முகமெல்லாம் மலர்ச்சி. அவருக்கு அது பறை என்று தெரியும். தமிழச்சிக்கு அதுகூடத் தெரியாதா? தெரிந்துதான் சந்தோஷப்பட்டார்.

"எதுக்கு டீச்சர் நடுவுல? ஓரமா ஒட்டுங்களேன்" என்றேன்.

"ஓரத்துலயே இருந்தது போதும்னுதான் நடுவுல."

"இல்ல, படம் அவ்வளவு நல்லா வரல. வேற ஒண்ணு வரையச் சொல்லலாமே."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இருக்கறதுலயே இதுதான் நல்ல படம். உனக்குக் கணக்குதான் தெரியும், போ."

"அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவரோட பிள்ளை அவங்க வீட்டுல பாத்து வரைஞ்சிருக்கு. இதுல கேக்க என்ன இருக்கு?"

அதற்குமேல் நான் என்ன சொல்ல? உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் சத்தமாகக் கேட்பார். ஆசிரியர் அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும். அவர் போன பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "அது என்னன்னு யாராச்சும் கேட்டா சல்லடைன்னு சொல்லு" என்றேன். அது என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆனா அது சல்லடை இல்லையே டீச்சர்" என்றது. ஓவிய டீச்சர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்.

பெற்றோர் தினத்தன்று பலகாரம், கோப்பி எல்லாம் அந்தச் சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்தது. சமையல்காரரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தட்டோடு நின்றார். மகள் படிக்கும் பள்ளி அல்லவா? முதலாளி கையில் வடையோடு கப்பலின் முன்னால் வந்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது யாரு, இது யாரு" என்று பிள்ளைகளைக் கேட்டுத் தட்டிக்கொடுத்தார். ஆட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நடுவிலிருந்த படத்துக்கு வந்தார்.

"இது யார் வரைஞ்சது? யார் வீட்டுல இருக்கு இது?"

"எங்க வீட்டுல இருக்கு" என்றாள் அந்தப் பிள்ளை. "பெட்டிக்குள்ள சேலை சுத்தி வச்சிருக்காங்க. எங்க தாத்தா அடிப்பாங்களாம். ஊரே வந்து நிக்குமாம்."

தாத்தாவைப் பற்றிய பெருமை அந்தக் குரலில் இருந்தது. அவள் அப்பா தட்டோடு இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த வடையைக் கொண்டுபோய் அவர் தட்டிலேயே திருப்பி வைத்தார். பாதி கடித்த வடை. அதைப் பார்த்து இன்னொருவர் தன் கோப்பிக் குவளையைப் பெஞ்சின் மேல் வைத்தார். பிறகு யாரும் எதையும் எடுக்கவில்லை. சமையல்காரர் நிறைந்த தட்டைப் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கூட்டம் கலையும்வரை அப்படியே நின்றார்.

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. வேலை போனதால் அறையும் இல்லை.

ஓவிய டீச்சர் நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் சண்டை போட்டார். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மிகவும் மரியாதையாக, "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். சாப்பிட வர்றவங்க கேக்கறாங்களே, நான் என்ன செய்ய?" என்றாராம். அந்தக் கடையில் இனி யாரும் சாப்பிடக் கூடாது என்று டீச்சர் எங்களிடம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அந்த வாரம் போனதும் ஒவ்வொருவராகப் போய்ச் சாப்பிட்டார்கள். சாம்பார் முன்பு மாதிரி இல்லை என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அந்தக் குடும்பம் பாலஸ்டியர் பக்கம் பலகை வீடுகள் நெருக்கிய ஒரு கம்போங்கில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்பதாகத் தெரிந்து டீச்சர் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். போனோம். சமையல்காரர் எங்களைக் கண்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் மனைவிதான் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க எல்லார் வீட்டுலயும் சாப்பிடுவீங்கன்னு ஊரே பேசுது டீச்சர். நீங்க எங்க சாப்பிட்டாலும் நீங்க நீங்கதான். எங்க வீட்டுக்காரரு இத்தனை வருஷமா மீன் வாசனையே படாம இருந்தாரு. நாக்கு கேட்டாலும் அடக்கிக்கிட்டாரு. இப்ப அவரு கையால சாப்பிட்டவங்க வாயைக் கொப்பளிக்கிறாங்களாம்."

"நான் வேற இடத்துல வேலை பாத்துத் தர்றேன்மா. எங்கப்பாகிட்ட சொல்லி..."

"வேலை கிடைச்சிடுச்சு. ஜொகூர்ல ரப்பர்த் தோட்டத்துக்கு வரச் சொல்லிட்டாங்க. அங்க நாங்க யாருன்னு சொன்னாலும் சேத்துக்குவாங்க. லயத்து வீடு மட்டும் அதுக்குத் தகுந்த மாதிரி தனியா குடுப்பாங்க."

டீச்சர் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டார். அது வரவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே கேட்டது. "நான் சல்லடைன்னு சொல்லியிருந்தா போதுமா டீச்சர்?"

உலகத்தில் எதற்கும் பதில் வைத்திருந்தவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சாலையோரம் நின்று, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. எங்கப்பா உடைச்சு அடுப்புல வச்சுட்டாரு" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "அப்பவே ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா என்னைக் கொண்டுபோய் எங்க ஒட்டியிருப்பீங்க?"

சொன்ன பிறகு, அவ்வளவு கடுமையாகப் பேசியிருக்க வேண்டாமே என்று இருந்தது. அவர் கோபப்படவில்லை. குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

கப்பல் சுவரிலிருந்து இறங்கியது. அதற்குப் பிறகு அவர் வகுப்பில் பிள்ளைகள் மாம்பழம் வரைந்தார்கள். மாம்பழம், செம்பருத்திப் பூ, மண்பானை. ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு தூரிகை. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, ஓவிய வகுப்பு இப்போதுதான் ஒழுங்காக நடக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். வருஷக்கணக்கில் மாம்பழம். ஒருநாள் தாங்காமல், "அந்தக் களிமண் பாடமாவது நடத்தக் கூடாதா?" என்று கேட்டேன். "கண்ணைக் கட்டினா பிள்ளைங்க பயப்படுதுங்க" என்றார். ஒரு பிள்ளையும் பயந்ததில்லை. அதுதான் நான் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் பொய்.

இரண்டாவது பொய் எனக்காகச் சொன்னது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வரன் பார்த்தார்கள். மாப்பிள்ளை தபால் இலாகாவில் வேலை. பார்க்க வந்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். எனக்கும் பிடித்திருந்தது. என் தங்கைகள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் காத்திருந்தார்கள். ஆனால் விசாரிக்காமல் யார் சம்பந்தம் செய்வார்கள்? எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் மாப்பிள்ளையின் அத்தையும் மாமாவும் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். வேறு யாரையும் கேட்கவில்லை, நேராக ஓவிய டீச்சரைத் தேடிப் போனார்கள். அந்த அம்மா பொய்யே பேசாது என்று ஊருக்கெல்லாம் தெரியும்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். நான் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா அவங்க என்ன ஆளுங்கன்னு... அவங்க சொல்றாங்க, உண்மையா பொய்யான்னு உங்களை மாதிரி பெரிய குடும்பத்துல கேட்டாத்தானே தெரியும்."

என் கையில் சாக்கட்டி நின்றுவிட்டது. அவர் இப்போது என்ன சொல்வார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தேன். எழுந்து நின்று, இந்தக் கேள்வி கேட்க வெட்கமாயில்லையா என்று கத்துவார். அவர்களுக்கு அதுவே பதிலாகிவிடும். வரன் அன்றைக்கே போய்விடும், காரணம் ஊரெல்லாம் பரவும், தங்கைகளுக்கும் கதவு மூடும்.

"உங்க ஆளுங்கதான்" என்று டீச்சர் நிதானமாகச் சொன்னார். "எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு. அவ தாத்தா எங்க தாத்தாகிட்ட நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தவரு. நல்லது கெட்டதுக்கு எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்து சாப்பிடுவாங்க. அப்படி வச்சிருந்தோம்."

"உங்க வீட்டுக்குள்ளயா?"

"கூடத்துல. எங்க ஆளுங்களோட சரிசமமா."

இல்லாத நிலம், இல்லாத குத்தகை. என் தாத்தா அந்த மாதிரிக் கூடத்தின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க மாட்டார். இவ்வளவு கோர்வையாக எங்கே கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். எங்கே கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாதா? சல்லடை என்று சொல்லியிருந்தால் போதுமா என்று அந்தக் கம்போங் வீட்டில் ஒரு பிள்ளை அவரிடம் கேட்டதே. வகுப்பில் ஒரு பையன், "டீச்சர், கணக்கு பாதியில நிக்குது" என்றான். எழுதி முடித்தேன். விடை தப்பு.

அவர்கள் போன பிறகு நான் அந்த வகுப்புக்குள் போனேன். பிள்ளைகள் மாம்பழத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். "டீச்சர்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "தேதி குறிச்சதும் சொல்லு. புடவை எங்கப்பா கடையிலதான் எடுக்கணும்" என்றார். நன்றி சொல்ல வந்தவள் அழுதுகொண்டு திரும்பினேன். என் வாழ்க்கையை அவர் காப்பாற்றிக் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்காக அவர் கீழே போட்டது என்ன என்பதும் எனக்குத் தெரியும். நன்றியும் வருத்தமும் ஒன்றோடொன்று பிணைந்து போய்விட்டன. இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு வந்தார். பட்டுப்புடவை கட்டி, சாயக்கறை எதுவும் இல்லாமல், வேறு யாரோ மாதிரி இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தலையில் வைத்துத் தாங்கினார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். என் மாமியார் தானே நெய் ஊற்றிவிட்டு, அவர் பக்கம் குனிந்தார்.

"நல்லவேளை உங்களைக் கேட்டோம் டீச்சர். இந்த ஊர்ல எவனெவனோ என்னென்னமோ சொல்லிக்கிட்டு உள்ள பூந்துடறான். அந்தச் சாப்பாட்டுக் கடை சமையல்காரன் கதை தெரியும்ல உங்களுக்கு? அவன் கையால நாங்களும் சாப்பிட்டிருக்கோம், அதை நினைச்சாலே..."

நான் காத்திருந்தேன். அவர் எழுந்திருக்க வேண்டும், இலையை மூடிவிட்டுக் கத்த வேண்டும் என்று ஒரு மனம் வேண்டியது. வாயே திறக்கக் கூடாது என்று இன்னொரு மனம் அதைவிடப் பலமாக வேண்டியது.

"ஆமாங்க. நல்லா விசாரிச்சுத்தான் செய்யணும்" என்றார் ஓவிய டீச்சர்.

அவர் குரலில் ஒரு பிசிறும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப்பெண் தலை குனிந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.